வழி தப்பிய வானப் பெண் எமி ஜான்சன்

1930-ம் ஆண்டு மே 11-ந் தேதி. கத்திரி வெயில் கொளுத்தும் பிற்பகல். ஜான்சி நகரத்து ராணுவ முகாமின் மேல் ஒரு சின்னஞ்சிறு பச்சை விமானம் வட்டமிட்டது. வருகிறது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அங்கே விமானம் இறங்க இடமும் கிடையாது. சிப்பாய்கள் அணிவகுக்கும் திடல் ஒன்றுதான் உண்டு. விமானம் அந்தத் திடலிலே இறங்கியது. நின்றிருந்தவர்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். விமானமும் நிற்காமல் ஓடி, ஒரு கம்பத்தில் இடித்து, முகாம் கட்டிடங்களுக்கு நடுவே போய் முட்டி நின்றது. ஒரு சிறகு அடிபட்டது.

உள்ளே இருந்து இறங்கியவர் ஒரு பெண். வயது 26. முகம் வெயிலில் வெந்து சிவந்து போயிருந்தது. லண்டனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டு ஏழாவது நாள் அது. பெயர் எமி ஜான்சன்.

ஜான்சிக்கு வருவது அவர் திட்டமே அல்ல. காலையில் கராச்சியிலே கிளம்பியவர் அலகாபாத்தில் இறங்க வேண்டும். எதிர்க்காற்று பெட்ரோலைக் குடித்துவிட்டது. எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியாமல் போயிற்று. அலகாபாத் இன்னும் 200 மைலுக்கு அப்பால் இருந்தது.

நாலு ஆண்டு கழித்து இதே எமி, இதைவிட மூன்று மடங்கு வேகமான விமானத்தில், இதே கராச்சியிலிருந்து இதே அலகாபாத்துக்குக் கிளம்பினார். அந்த முறையும் அலகாபாத் தப்பியது. அது மட்டுமா? உயிரோடு இருந்த கடைசி நாளிலும் அவர் தேடிய ஊர் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறு.

உலகமே புகழ்ந்த விமானி இத்தனை முறை வழி தப்புவாரா என்று கேட்கத் தோன்றும். தப்பினார். ஆனால் அந்தக் காலத்தில் தனி விமானத்தில் தூரம் போனவர்களில் வழி தப்பாதவர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படுவது கடினம்.

மீன் வியாபாரி மகள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்று ஒரு துறைமுகம். அங்கே மீன் மொத்த வியாபாரம் செய்த ஜான் வில்லியம் ஜான்சனுக்கு நாலு பெண்கள். மூத்தவர் எமி. பிறந்தது 1903-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. ஷெபீல்டு சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்து 1925-ல் பட்டம் பெற்றார். ஒரு சுவிட்சர்லாந்துக்காரரை வருஷக்கணக்கில் விரும்பினார். அவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். எமி லண்டனுக்குப் போய் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்தார்.

1928-ல், ஓய்வு நேரத்தில், ஸ்டாக் லேன் என்ற இடத்திலிருந்த லண்டன் விமானக் கிளப்பில் பறக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். கெட்டிக்கார மாணவி என்று யாரும் சொல்லவில்லை. தனியாகப் பறக்க விடுவதற்கே ஏறக்குறைய 16 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது. அது சராசரியைவிட அதிகம். 1929 ஜூலையில் லைசென்ஸ் கிடைத்தது.

பறப்பதோடு அவர் நிற்கவில்லை. கையில் கிரீஸோடு மெக்கானிக்குகள் மத்தியில் உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றார். 1929 டிசம்பரில் விமானப் பழுதுபார்ப்பு எஞ்சினீயர் லைசென்ஸ் பெற்றார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே. பின்னாளில் பத்திரிகைகள் அவரை டைப் அடித்த பெண் என்றே எழுதின. கதைக்கு அது சுவை கூட்டியது. உண்மையில் அவர் எஞ்சினீயர். எஞ்சின் அவரைக் கைவிட்டது மிகக் குறைவு. அவரைக் கைவிட்டதெல்லாம் திசைதான்.

ஆஸ்திரேலியா வரை தனியாகப் பறப்பது என்று முடிவு செய்தார். அதுவரை எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. தகப்பனாரும், எண்ணெய் வியாபாரி வேக்பீல்டு பிரபுவும் பணம் கொடுத்தார்கள். 600 பவுனுக்கு ஒரு பழைய ஜிப்ஸி மாத் விமானம் வாங்கப்பட்டது. அன்றைய நம் கணக்கில் 8,000 ரூபாய். தகப்பனாரின் மீன் வியாபார முத்திரைப் பெயரையே விமானத்துக்கும் வைத்தார்: ஜேசன்.

புறப்படும்போது எமியின் மொத்தப் பறப்பு அனுபவம் சுமார் 85 மணி நேரம். அதிலே மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து சொந்த ஊர் ஹல் வரைக்கும். சுமார் 150 மைல். போக வேண்டியதோ 11,000 மைல்!

ஆரணிக்கு ஒரு ஆகாயக் கணக்கு

ஜேசன் விமானத்தில் ரேடியோ இல்லை. முன்னே மழையா, புயலா என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு காந்தத் திசைகாட்டி, ஒரு கடிகாரம், பட்டை பட்டையாக வெட்டிச் சுருட்டிய வரைபடங்கள், அவற்றின் மேல் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்க்கோடு, இவ்வளவுதான். மற்றதைக் கண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையில் வழி தப்புவது எப்படி என்பதை நம் ஊர்க் கணக்காகப் போட்டால் எளிதில் விளங்கும்.

சென்னையிலிருந்து ஆரணிக்கு ஒருவன் அப்படிப்பட்ட விமானத்தில் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் போகும் சாலை வளைந்து வளைந்து போகும். ஆகாயத்தில் நேர்க்கோடு போட்டால் சுமார் 72 மைல். மணிக்கு 85 மைல் வேகம் என்றால் ஐம்பது நிமிஷத்தில் ஆரணிக் கோட்டை அகழி கண்ணில் பட வேண்டும்.

திசை ஒரே ஒரு டிகிரி தவறினால் 60 மைல் தூரத்துக்கு ஒரு மைல் விலகும். இது விமானிகளின் பழைய வாய்ப்பாடு. ஒரு டிகிரி என்றால் ஆரணிக்கு ஒன்றே கால் மைல் பக்கத்தில் போவான். பாதகமில்லை, ஊர் தெரியும். ஆனால் தெற்கேயிருந்து மணிக்கு 15 மைல் வேகத்தில் காற்று அடிக்கிறது. அது விமானத்தை அப்படியே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது. முள் சரியான திசையைத்தான் காட்டுகிறது. மூக்கும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. விமானம் மட்டும் வேறு கோட்டில் போகிறது. இப்படி விலகுவது பத்து டிகிரி. ஐம்பது நிமிஷம் முடிந்து கீழே பார்க்கும்போது அவன் ஆரணிக்கு வடக்கே 12 மைலில், ஆற்காட்டை நெருங்கிவிட்டிருப்பான். கோடைப் புழுதி மூட்டத்தில் 12 மைல் தள்ளி இருக்கும் ஊர் எங்கே தெரியப் போகிறது?

அதற்கு மேல்தான் பெரிய ஆபத்து. ஆரணி என்றால் கமண்டல நாகநதி இருக்க வேண்டும் என்று வரைபடம் சொல்கிறது. கீழேயும் மணல் ஓடும் ஒரு ஆறு தெரிகிறது. அது பாலாறு. ஆனால் அவன் தேடுவது ஆறு, கிடைத்ததும் ஆறு. இதுதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு காண்கிற ரெயில் பாதை, கோபுரம், குளம் எல்லாவற்றையும் வரைபடத்துக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளும். முதல் தவறைக் காற்று செய்கிறது. இரண்டாவதை மனிதன் செய்கிறான். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஆரணித் தறியில் பாவு இழை ஒன்று அச்சில் இடம் மாறிக் கோத்துவிட்டால், அந்தக் கோடு புடவையின் கடைசி முழம் வரை ஓடும். ஆனால் அகலமாகாது. ஆகாயத்திலே அப்படி அல்ல, போகப் போக விரியும். ஆரணிக்கு 12 மைல் என்றால், கராச்சியிலிருந்து அலகாபாத்துக்கு 150 மைல்!

தறிக்காரர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. எமியின் விமானச் சிறகுகள் இரும்பும் அல்ல, அலுமினியமும் அல்ல. மரச் சட்டத்தின் மேல் போர்த்துத் தைத்த துணி! அதன் மேல் டோப் என்ற ஒருவகை வார்னிஷைப் பூசுவார்கள். அது உலர உலரத் துணி மத்தளத் தோல் போல விறைத்துக்கொள்ளும். மழை உள்ளே இறங்காது. முள் குத்தினால் கிழியும். கிழிந்தால் தைக்கலாம், ஒட்டுப் போடலாம். இந்தத் துணி இல்லாவிட்டால் எமி பாதி வழியிலேயே நின்றிருப்பார்.

ரெயில் பாதையைப் பிடித்துக்கொண்டு

1930 மே 5-ந் தேதி காலை லண்டன் கிராய்டன் நிலையத்திலிருந்து ஜேசன் எழும்பியது. வழியனுப்பச் சிலரே வந்திருந்தார்கள். அதே 5-ந் தேதி பிறந்த நள்ளிரவுக்குப் பின், தண்டிக்கு அருகே காந்தியடிகளைக் கைது செய்திருந்தது ஆங்கில அரசாங்கம். எமி பறந்து வந்து சேர்ந்தது உப்புச் சத்தியாக்கிரகத்தின் உச்சத்தில் கொதித்துக்கொண்டிருந்த இந்தியாவுக்கு.

முதல் நாள் வியன்னா. இரண்டாம் நாள் கான்ஸ்டாண்டிநோபிள். மூன்றாம் நாள் துருக்கியின் டாரஸ் மலைகளைத் தாண்ட வேண்டும். அவருடைய விமானம் அந்த மலைகளுக்கு மேலே ஏறிப் போகத் தடுமாறியது. மேகம் வேறு சூழ்ந்துகொண்டது. எமி கீழே இறங்கி, மலை இடுக்கில் போகும் ரெயில் பாதையைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே போனார். ரெயில் பாதை மலையில் மோதாது என்பது அந்தக் கால விமானிகளின் நம்பிக்கை. சுரங்கத்துக்குள் நுழையாத வரை அது சரி. ஒரு திருப்பத்தில் மேகம் வந்து மறைத்தது, பாறைச் சுவர் பக்கத்திலே வந்துவிட்டது, மயிரிழையில் தப்பினார்.

பாக்தாத்துக்கு முன் மணல் புயல். கண் தெரியாமல் பாலைவனத்தில் இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் பெட்டிகளை முட்டுக் கொடுத்து, காற்று விமானத்தைத் தூக்கிப் போகாதபடி வாலின் மேல் உட்கார்ந்துகொண்டார். எங்கோ நாய்கள் குரைத்தன. கையில் துப்பாக்கியோடு மணிக்கணக்கில் காத்திருந்தார்.

ஆறாம் நாள், மே 10-ந் தேதி, கராச்சி. உலகம் அப்போதுதான் விழித்துக்கொண்டது. 1928-ல் ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்து சாதனை படைத்த பெர்ட் ஹிங்க்ளர், கராச்சி வர 8 நாள் எடுத்துக்கொண்டார். எமி அவரை இரண்டு நாள் முந்திவிட்டார்! ஹிங்க்ளர் முழுப் பயணத்துக்கு எடுத்தது பதினைந்தரை நாள். அதையும் முறியடித்துவிடலாம் என்ற ஆசை எமிக்கு. ஆசைக்கு முதல் அடி மறுநாள் ஜான்சியில் விழுந்தது.

ஜான்சியில் இருந்தவர்கள் உதவினார்கள். சிறகைச் சரிசெய்துகொண்டு மறுநாளே அலகாபாத் போய், அங்கிருந்து கல்கத்தாவும் போய்விட்டார். இழந்த நேரம் அதிகமில்லை.

அதே நாட்களில் இந்திய இளைஞர் மூவரும் இதே வானவழியில் பறந்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். கராச்சியிலிருந்து மேற்கே பறந்தவர் ஜே.ஆர்.டி.டாடா. லண்டனிலிருந்து கிழக்கே வந்தவர் 17 வயது ஆஸ்பி எஞ்சினீயர். எகிப்தில் இருவரும் சந்தித்தபோது எஞ்சின் பிளக் இல்லாமல் தவித்த போட்டியாளருக்குத் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார் டாடா. பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. மூன்றாமவர் மன்மோகன் சிங். தைரியத்தில் குறைவில்லை, திசைதான் தகராறு. ஐரோப்பாவிலேயே வழி தப்பி லண்டனுக்குத் திரும்பி மறுபடி கிளம்ப வேண்டியதாயிற்று. வந்து சேர்ந்தபோது கெடு முடிந்திருந்தது. அவர் விமானத்தின் பெயர் மிஸ் இந்தியா. பேருக்கு ஏற்றபடி இந்தியாவையே மிஸ் பண்ணிவிடுவார் போலிருக்கிறது என்று லண்டன் விமானப் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. கேலி செய்தவர்கள் மேஜை முன் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மன்மோகன் சிங்தான் பின்னாளில் யுத்தத்தில் பறக்கும் படகு ஓட்டி, 1942 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியத் தாக்குதலில் உயிர் கொடுத்தார்.

சட்டையைக் கிழித்துச் சிறகு

மே 13-ந் தேதி கல்கத்தாவிலிருந்து ரங்கூன். பர்மாவில் மழை பிடித்துவிட்டது. ரங்கூனில் இறங்க வேண்டிய இடம் குதிரைப் பந்தயத் திடல். மேகம் தலைக்கு மேலே தொங்குகிறது, மழை கண்ணாடியை மறைக்கிறது, பந்தயத் திடலைத் தேடித் தேடிக் காணவில்லை. ரங்கூனுக்கு வடக்கே இன்சின் என்ற ஊரில் ஒரு விளையாட்டு மைதானம் கண்ணில் பட்டது. இறங்கினார். மைதானம் சின்னது. விமானம் ஓடி ஒரு பள்ளத்தில் விழுந்தது. முன் விசிறி முறிந்தது. சக்கரம் முறிந்தது. சிறகு கிழிந்து தொங்கியது.

எமி அழுதுவிட்டார். இரண்டு நாள் முந்தியிருந்ததெல்லாம் இந்தப் பள்ளத்தோடு போயிற்று.

ஆனால் கெட்டதிலும் ஒரு நல்லது பாருங்கள். அந்த மைதானம் ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் மைதானம்! ஆசிரியர்களும் மாணவர்களும் பட்டறையைத் திறந்துவிட்டார்கள். முறிந்த உறுப்புகளைச் செய்து கொடுத்தார்கள். மாற்று விசிறி ஒன்றை எமி விமானத்தோடு கட்டிக்கொண்டே வந்திருந்தார். சிறகுத் துணிக்கு எங்கே போவது? முதல் உலக யுத்தம் முடிந்தபின் மிச்சப்பட்ட விமானத் துணியை வாங்கிச் சிலர் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்தார்கள். விமானத்துக்கென்று நெய்த துணி, சட்டையாகி, மறுபடி விமானத்துக்கே வந்தது. டோப்புக்குப் பதிலாக உள்ளூரிலேயே ஒரு கலவை தயாரித்துப் பூசினார்கள். மே 16-ந் தேதி ஜேசன் எழும்பியது.

பாங்காக், சிங்கப்பூர், ஜாவா. ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது மூங்கில் குச்சிகள் சிறகைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்து ஒட்டிக்கொண்டு பறந்தார்!

கடைசிக் கட்டம் தைமூர் தீவு. அட்டம்புவா என்ற ஊரில் இறங்க வேண்டும். பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது, ஊர் தென்படவில்லை. இருட்டுக்குள் பறப்பதைவிடக் கண் தெரியும்போதே இறங்கிவிடுவது மேல் என்று, கரையான் புற்றுகள் நிறைந்த ஒரு வெளியில் இறங்கினார். ஹாலிலுலிக் என்ற கிராமம். மனிதர்கள் கூட்டமாக ஓடி வந்ததைப் பார்த்து நடுங்கிப் போனார். அவர்களோ அவரைப் பத்திரமாக ஊர்ப் பாதிரியாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அட்டம்புவா அங்கிருந்து சுமார் 12 மைல்தான். இதற்குள் எமியைக் காணோம் என்று உலகப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டன.

மே 24-ந் தேதி, ஏறக்குறைய 500 மைல் கடலைத் தாண்டி, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். பத்தொன்பதரை நாள். ஹிங்க்ளரின் சாதனை நின்றது. ஆனால் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் எமி ஜான்சன். லண்டன் டெய்லி மெயில் பத்திரிகை 10,000 பவுன் கொடுத்தது. மன்னர் பட்டம் கொடுத்தார். அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள். லண்டன் திரும்பியபோது தெரு நெடுகிலும் இலட்சக்கணக்கானோர் நின்றார்கள். ஒட்டுப் போட்ட ஜேசன், லண்டன் அறிவியல் காட்சிசாலையில் இடம் பிடித்தது.

அதே வழி, வேறு ஊர்

புகழ் வந்தபின் ஓய முடியாது. 1931-ல் சைபீரியா வழியே பீக்கிங் போகப் புறப்பட்டுப் போலந்தில் மூடுபனியில் இறங்கினார். அதே ஆண்டு தன் பழைய ஆசான் ஜாக் ஹம்ப்ரீஸுடன் டோக்கியோ போனார். 1932-ல் ஜிம் மாலிசன் என்ற பிரபல விமானியை மணந்தார். அந்த நவம்பரிலேயே தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்குத் தனியாகப் பறந்து, கணவர் போட்டிருந்த சாதனையைப் பத்து மணி நேரத்துக்கு மேல் முறியடித்தார்! 1933-ல் இருவரும் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். நியூயார்க்குக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, பெட்ரோல் தீரும் நிலையில், களைத்துப் போய், காற்றடிக்கும் திசையிலேயே இறங்கி விமானம் கவிழ்ந்தது. இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள்.

1934 அக்டோபர் 20-ந் தேதி. இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு மாபெரும் விமானப் பந்தயம். மாலிசன் தம்பதியின் விமானம் பிளாக் மேஜிக். கறுப்பு நிறம், இரட்டை எஞ்சின், மணிக்கு 200 மைலுக்கு மேல் வேகம். கிளம்பி ஒரே மூச்சில் பாக்தாத். அங்கிருந்து கராச்சி. புறப்பட்டு ஒரு நாளுக்குள் இந்திய மண்ணைத் தொட்டுவிட்டார்கள்! ஜேசனில் எமிக்கு ஆறு நாள் பிடித்த தூரம் அது. பந்தயத்தில் அவர்களே முன்னணி.

அடுத்தது அலகாபாத். கிளம்பினார்கள், கோளாறு ஏற்பட்டுத் திரும்பினார்கள், மறுபடி கிளம்பினார்கள். இரவு. அன்றைய வட இந்தியாவில் இரவிலே மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? மின்விளக்கு இல்லாத ஆயிரம் கிராமங்கள், ஒரே இருட்டு. விடிந்து ஊர் ஒன்று கண்டு இறங்கினால், ஜபல்பூர்!

கராச்சியிலிருந்து அலகாபாத்துக்கு ஒரு கோடும் ஜபல்பூருக்கு ஒரு கோடும் இழுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே சுமார் பத்து டிகிரிதான். நாம் ஆரணிக்குப் போட்ட அதே பத்து டிகிரி. 1930-ல் ஜான்சி, அலகாபாத்துக்கு 200 மைல். 1934-ல் ஜபல்பூர், அலகாபாத்துக்கு 200 மைல். வேகம் கூடியது, எஞ்சின் வளர்ந்தது, வழி காட்டும் முறை மட்டும் திசைகாட்டியும் கடிகாரமும் கண்ணுமாகவே இருந்தது. வேகம் கூடினால் பிழையும் அதே வேகத்தில் ஓடுகிறது என்பதைப் பந்தயம் நடத்தியவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜான்சியில் பிழைத்த மாதிரி ஜபல்பூரில் பிழைக்க முடியவில்லை. பழைய மாத் விமானம் கிடைத்த பெட்ரோலைக் குடிக்கும். பிளாக் மேஜிக்கின் பந்தய எஞ்சினுக்கு உயர்ந்த ரகப் பெட்ரோல் வேண்டும். ஊரிலே கிடைத்தது பஸ்ஸுக்கு ஊற்றும் பெட்ரோல். அதையே ஊற்றிக்கொண்டு அலகாபாத் வந்து சேர்வதற்குள் எஞ்சின் பாழாகிவிட்டது. பந்தயம் அங்கேயே முடிந்தது. அதே ரக விமானத்தில் வந்த ஸ்காட்டும் காம்பெல் பிளாக்கும் மூன்று நாளுக்குள் மெல்போர்ன் போய்ப் பரிசைத் தட்டிக்கொண்டார்கள்.

1936-ல் எமி கேப்டவுன் சாதனையை மீண்டும் ஒரு முறை தன் வசமாக்கினார். அதுவே கடைசிச் சாதனை. 1938-ல் மணவாழ்க்கை முறிந்தது.

மேகத்துக்கு மேலே

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து படை நிலையங்களுக்கு ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு துணைப்படை அமைத்தார்கள். 1940-ல் எமி அதில் சேர்ந்தார். உலகப் புகழ் பெற்றவர், பல பேரில் ஒருவராக, கொடுத்த விமானத்தைக் கொடுத்த ஊருக்கு ஓட்டினார். அந்தப் படையினர் ரேடியோ இல்லாமல்தான் பறந்தார்கள். தரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போக வேண்டும், மேகத்துக்குள் போகக் கூடாது என்பது விதி. பத்து வருஷத்துக்கு முந்திய ஜேசன் நிலைமையேதான். அதோடு யுத்த காலத்துக் கஷ்டங்கள் வேறு. நகரங்களின் மேல் எதிரி விமானத்தைத் தடுக்க இரும்புக் கயிறு கட்டிய பலூன்கள் தொங்கும். தெரியாத விமானம் என்றால் பீரங்கி சுடும்.

1941 ஜனவரி 5-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எமி முதல் நாள் பிளாக்பூலில் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். அங்கிருந்து ஆக்ஸ்போர்டுக்கு அருகே உள்ள கிட்லிங்டனுக்கு ஓர் இரட்டை எஞ்சின் பயிற்சி விமானத்தைச் சேர்க்க வேண்டும். தூரம் 150 மைல். காலநிலை மோசம். உறைபனியும் தாழ்ந்த மேகமும். போக வேண்டாம் என்று சொன்னார்கள். பகல் 11 மணி 49 நிமிஷத்துக்கு எமி எழும்பினார்.

நல்ல நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்காத பயணம் அது. மூன்றரை மணி நேரம் கழித்து, தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் கழிமுகத்தில், ஹெர்ன் பே என்ற ஊருக்கு எதிரே, கப்பல் தொகுதி ஒன்றில் இருந்தவர்கள் மேகத்திலிருந்து ஒரு பாராசூட் இறங்குவதைக் கண்டார்கள். கிட்லிங்டனிலிருந்து அந்த இடம் 100 மைலுக்கு மேல்.

நடுவே என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. மேகத்துக்கு மேலே ஏறி, கீழே இறங்க ஓர் இடைவெளி தேடி, தரை தெரியாமல் தென்கிழக்கே போய்க்கொண்டே இருந்து, பெட்ரோல் தீர்ந்ததும் கீழே நிலம் இருக்கிறது என்ற எண்ணத்தில் குதித்திருப்பார் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அடையாளக் குறி சரியாகக் காட்டாததால் நம் ஆட்களே சுட்டுவிட்டோம் என்று 1999-ல் பழைய பீரங்கிப் படைக்காரர் ஒருவர் சொன்னார். அது நிரூபணம் ஆகவில்லை. எப்படியானாலும் அவர் அங்கே இருந்திருக்க வேண்டியவர் அல்ல.

ஜான்சியில் கீழே திடல் இருந்தது. இன்சினில் மைதானம். தைமூரில் புற்று மேடு. எல்லா இடத்திலும் ஓடி வந்து தூக்கிவிட மனிதர்கள் இருந்தார்கள். இங்கேயும் மனிதர்கள் இருந்தார்கள். கீழேதான் நிலம் இல்லை. ஜனவரி மாதத்துக் கடல்.

ஹேசில்மியர் என்ற கப்பல் எமி விழுந்த இடத்தை நோக்கித் திரும்பியது. திரும்பும்போது மணல் திட்டில் தட்டியது. கயிறுகளை வீசினார்கள். குளிரில் விறைத்த கைகள் பிடிக்கவில்லை. அலை அவரைக் கப்பலின் அடிப்புறம் இழுத்துக்கொண்டு போயிற்று. கப்பலின் தலைவர் வால்டர் பிளெச்சர் யோசிக்கவில்லை, உறையும் தண்ணீரில் குதித்துவிட்டார். அவரைப் படகில் தூக்கியபோது நினைவு இல்லை. ஆஸ்பத்திரியில் குளிரால் உயிர் போயிற்று.

எமியின் பையும் பறப்புக் குறிப்புப் புத்தகமும் தண்ணீரில் மிதந்தன. அவற்றை எடுத்துப் பார்த்த பிறகுதான் விழுந்தவர் எமி ஜான்சன் என்பதே கப்பல்காரர்களுக்குத் தெரிந்தது. உடல் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 37.